வெள்ளி கசியும் விதம்



வாக்குப் போட்டுவிட்டு வந்த பிறகு விரலைப் பார்த்திருப்பீர்கள். சாவடிக்குள் இட்டபோது ஊதாவாக இருந்த கோடு, வெயிலில் நடந்து வீடு சேர்வதற்குள் கறுத்திருக்கும். சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் என்று எதற்கும் அது மசியாது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூரில் ஓர் அரசு நிறுவனம் தயாரித்துத் தரும் அந்த மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலில் உள்ள உப்போடும் புரதத்தோடும் சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கண்ணுக்குத் தனியாகத் தெரியாத வெள்ளித் துகள்களாக மாறி, தோலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. தோல் உதிர்ந்து நகம் வளர்ந்தால்தான் போகும். இந்த நாட்டில் வாக்களித்தவர் எல்லோருமே வெள்ளியின் நுண்துகளைக் கொஞ்ச நாள் உடம்பில் சுமந்தவர்கள்தாம்.

இதைச் சொல்லக் காரணம், கொஞ்ச நாளாக எங்கள் அலுவலகத்துக்கு வரும் கடிதங்கள். குடிநீர் வடிகட்டியில் ‘நானோ வெள்ளி’ என்று அச்சிட்டிருக்கிறது, காலுறையில் போட்டிருக்கிறது, சலவை இயந்திரத்தில் போட்டிருக்கிறது. இது நிஜமா, வெறும் விளம்பரமா என்று கேட்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் கேட்பது வேறு: துளசிச் சாற்றில் வெள்ளி நானோ துகள் தயாரித்தோம், கிருமி செத்தது, உங்கள் இதழில் எழுதலாமா? இரண்டு தரப்புக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது. வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும். அதில் சந்தேகமே வேண்டாம். எது கொல்கிறது, எவ்வளவு கொல்கிறது, கொன்ற பிறகு அந்த வெள்ளி எங்கே போகிறது என்ற கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால்தான் அந்த அட்டைப்பெட்டி வாசகத்துக்கு அர்த்தம் உண்டு.

முதலில் பூஜை அறைக்குப் போவோம். துடைத்து வைத்த வெள்ளிக் குத்துவிளக்கு சில மாதங்களில் கறுத்துவிடுகிறது. திருநீறு போட்டுத் தேய்த்தால் விளக்கு பளிச்சென்று ஆகும், துணி கறுப்பாகும். துணியில் ஒட்டியது அழுக்கு இல்லை, வெள்ளி சல்பைடு. காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் கந்தகச் சேர்மங்களைத் தேடிப் பிடித்து வெள்ளி சேர்த்துக்கொண்டிருக்கிறது. அவித்த முட்டையை வெள்ளிக் கரண்டியால் சாப்பிட்டால் கரண்டி கறுப்பதும் இதனால்தான். வெள்ளிக்குக் கந்தகத்தின் மேல் அப்படி ஓர் ஈர்ப்பு.

உயிருள்ள எல்லாவற்றிலும் புரதம் உண்டு. புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உண்டு. சிஸ்டீனின் நுனியில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு கொக்கி உண்டு. பல நொதிகள் தங்கள் வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்வதும் வேலை செய்வதும் அந்தக் கொக்கியை நம்பித்தான். ஓர் எலெக்ட்ரானை இழந்த வெள்ளி அணு, அதாவது வெள்ளி அயனி, அங்கே வந்து ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டுக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. நொதி அத்தோடு முடங்கும். விளக்கைக் கறுக்க வைக்கும் அதே வேதியியல்தான் கிருமியையும் கொல்கிறது.

பாக்டீரியாவுக்கு இதில் கூடுதலான ஒரு துரதிர்ஷ்டம். நம் செல்களில் மூச்சுவிடும் எந்திரங்கள் எல்லாம் மைட்டோகாண்ட்ரியா என்ற உள்ளறையில் பத்திரமாக இருக்கின்றன. பாக்டீரியாவில் அவை அதன் மேனியைச் சுற்றியுள்ள சவ்விலேயே பதிந்திருக்கின்றன. வெளியிலிருந்து வரும் வெள்ளி அயனி முதலில் சந்திப்பதே அவற்றைத்தான். சுவாசத் தொடரின் வாசலில் நிற்கும் நொதி முடங்கியதும், வரிசையாகக் கைமாற வேண்டிய எலெக்ட்ரான்கள் வழிதவறி ஆக்சிஜனோடு சேர்ந்து, செல்லையே அரிக்கும் வீரியமுள்ள ஆக்சிஜன் வகைகளாக மாறுகின்றன. சவ்வின் இரு பக்கமும் புரோட்டான் வேறுபாட்டைத் தேக்கி வைத்துத்தான் பாக்டீரியா தன் ஆற்றலைத் தயாரிக்கிறது. அந்தத் தேக்கமும் ஒழுகிவிடுகிறது. காலராக் கிருமியில் இந்த ஒழுகலை 2002இல் ஆராய்ச்சியாளர்கள் நேராகவே காட்டினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, சீன ஆய்வாளர்கள் வெள்ளி அயனியில் ஊறிய பாக்டீரியாக்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சவ்வு செல்சுவரைவிட்டுச் சுருங்கிப் பிரிந்திருந்தது; பரவலாக இருக்க வேண்டிய டிஎன்ஏ நடுவில் கட்டியாகத் திரண்டிருந்தது. திரண்ட டிஎன்ஏ தன்னைப் பிரதி எடுக்காது. சுவாசமும் போயிற்று, சந்ததியும் போயிற்று.

ஒரே நேரத்தில் இத்தனை இடத்தில் அடிப்பதுதான் வெள்ளியின் பலம். பென்சிலின் செல்சுவர் கட்டும் வேலையை மட்டும் நிறுத்துகிறது. அதை முறிக்கப் பாக்டீரியாவுக்கு ஒரு நொதி போதும். வெள்ளியை முறிக்க அதற்கு இன்னும் பெரிய ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டையும் அது செய்துவிட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, அயனிதான் வேலை செய்கிறது என்றால் நானோ துகள் எதற்கு?

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் வெள்ளியைக் கனசதுரக் கட்டியாக வார்த்தால் அதன் மேற்பரப்பு ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர் இருக்கும், பொட்டு அளவு. அதே ஒரு கிராமைப் பத்து நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 57 சதுர மீட்டர். ஏறக்குறைய 600 சதுர அடி, சென்னையில் ஒரு படுக்கையறை வீட்டின் தரை. ஓர் உருண்டையில் முப்பதாயிரம் அணுக்கள் இருக்கும். ஒரு சாதாரண ஈ. கோலி பாக்டீரியாவின் நீளத்துக்கு இவற்றை வரிசையாக அடுக்கினால் இருநூறு உருண்டைகள் வேண்டும். வெள்ளி கரைவது மேற்பரப்பிலிருந்துதான். ஆக்சிஜனும் கொஞ்சம் அமிலத்தன்மையும் இருந்தால் மேலே உள்ள அணுக்கள் ஒவ்வொன்றாக அயனியாகிக் கசியும். கட்டியில் இந்தக் கசிவு இருப்பதே தெரியாது. துகளில் அது கிருமிக்கு எமனாகும் அளவை எட்டிவிடுகிறது.

ஆனால் ஆராய்ச்சி உலகம் வெகுகாலம் இதோடு திருப்தி அடையவில்லை. துகளுக்கென்றே தனி வல்லமை இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. 2004இல் குரோஷிய ஆய்வாளர்கள் வெளியிட்ட படங்களில், துகள் பட்ட ஈ. கோலியின் செல்சுவரில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் தெரிந்தன. அடுத்த ஆண்டு வந்த ஓர் ஆய்வு, ஒன்று முதல் பத்து நானோமீட்டர் வரையுள்ள துகள்களே பாக்டீரியாவின் சவ்வில் ஒட்டி உள்ளேயும் நுழைகின்றன என்றது. 2007இல் கொரியாவிலிருந்து வந்த கட்டுரை, உருண்டையைவிட முக்கோணத் தகடு நன்றாகக் கொல்கிறது என்றது. முக்கோணத்தின் கூர்முனை பாக்டீரியாவைக் குத்துகிறது என்கிற அளவுக்குப் பேச்சு போயிற்று. நானோ முக்கோணங்களின் படம் அழகாகவே இருக்கும். அட்டைப்படத்துக்கு எங்களுக்கும் ஆசைதான்.

இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த சோதனை 2012இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பெட்ரோ அல்வாரெஸின் குழு செய்தது. யோசனை எளிமையானது. துகள் அயனியாகக் கசிய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத அறையில் வைத்தால் கசிவு நின்றுவிடும். ஈ. கோலியோ ஆக்சிஜன் இல்லாமலும் வாழத் தெரிந்தது. ஆகவே காற்றை வெளியேற்றிய பெட்டிக்குள் இரண்டையும் ஒன்றாக விட்டால், கசிவில்லாத வெறும் துகள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அளவு வேறு, மேல்பூச்சு வேறு என்று பலவகைத் துகள்களை விட்டார்கள். அயனியாக இருந்தால் கொல்லப் போதுமான அளவைப் போல 195 மடங்கு வரை ஏற்றினார்கள். பாக்டீரியா பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தது. காற்றில் வைத்ததும் சாவு.

குத்தும் கூர்முனை, துளைக்கும் துகள் எல்லாம் இந்த ஒரு சோதனையில் ஆட்டம் கண்டன. முக்கோணம் நன்றாகக் கொன்றிருந்தால், அது வேகமாகக் கசிகிறது என்பதும் காரணமாக இருக்கலாம். துகள் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே அயனி செறிவாகக் கசியும். அதைத் துகளின் தனி வல்லமை என்பதா, கசிவின் வசதி என்பதா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. என் வாக்கு கசிவுக்கே. துகள் ஒரு கிடங்கு, சரக்கு அயனி.

அல்வாரெஸ் குழுவின் கட்டுரையில் இன்னொரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. ஏனோ அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. கொல்லும் அளவுக்கு எட்டாத மிகக் குறைந்த அளவில் வெள்ளியைக் கொடுத்தபோது ஈ. கோலி முன்னைவிட நன்றாகப் பிழைத்தது. போதாத மருந்து கிருமிக்குச் சத்து மருந்தாகிவிட்டது.

இனி மாணவர்களிடம் வருகிறேன். தமிழ்நாட்டில் உயிர்தொழில்நுட்பமோ நுண்ணுயிரியலோ படித்த பலருக்கும் இந்தக் காட்சி பழக்கம். பழுப்புப் பாட்டிலில் இருக்கும் வெள்ளி நைட்ரேட்டின் வெள்ளைப் படிகத்தை வாலை வடிநீரில் கரைக்க வேண்டும். அவசரத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பால் மாதிரித் திரிந்துபோகும். நீரில் உள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். வேப்பிலையோ துளசியோ கொதிக்க வைத்து வடிகட்டிய சாற்றைச் சேர்த்ததும், இலேசான மஞ்சள் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கருந்தேன் நிறமாகும். இலையில் உள்ள ஃபீனால்கள் முதலான பொருள்கள் அயனிக்கு எலெக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துத் துகளாக்கிவிட்டன. அந்த நிறம் சாயத்தால் வந்தது இல்லை; 400 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியோடு துகளின் எலெக்ட்ரான்கள் சேர்ந்து அதிர்வதால் வருவது. அடுத்து, பாக்டீரியா பூசிய அகார் தட்டில் இந்தக் கரைசல் தோய்ந்த காகித வில்லையை வைத்து, 37 டிகிரியில் ஓர் இரவு விட்டால், காலையில் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம். ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் கணக்கு எடுப்பார்கள். கையுறை போடாதவர் விரலெல்லாம் கறுத்திருக்கும், தேர்தல் நாள் போல.

முதல் தடவை அந்த வளையத்தைப் பார்க்கும் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வளையம் எதைச் சொல்கிறது? அகார் ஒரு கூழ். துகள் அதற்குள் எளிதில் ஊர்ந்து போகாது. வில்லையிலிருந்து தூரம் போனது பெரும்பாலும் அயனியாக இருக்கும். துகளாக மாறாமல் மிஞ்சிய வெள்ளி நைட்ரேட்டாகவும் இருக்கலாம். எனவே பக்கத்திலேயே மூன்று வில்லைகள் வேண்டும்: வெறும் இலைச் சாறு ஒன்று, அதே அளவு வெள்ளியுள்ள நைட்ரேட் கரைசல் ஒன்று, கழுவிப் பிரித்த துகள் ஒன்று. நைட்ரேட்டின் வளையமே பெரிதாக இருந்தால் நீங்கள் கண்டுபிடித்தது துளசியின் மகிமை இல்லை. இலையை மட்டும் மாற்றி அதே கட்டுரையைத் திரும்பத் திரும்ப எழுதும் பழக்கம் நம் கல்லூரிகளில் ஊறிவிட்டது. ஆடாதொடையும் நொச்சியும் கரிசலாங்கண்ணியும் முடிந்தாகிவிட்டது. தோட்டத்தில் இன்னும் செடி இருக்கிறது என்பது ஆராய்ச்சிக்குக் காரணமாகாது.

வெள்ளியின் வைத்திய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதில் மறக்கக் கூடாத பெயர் கார்ல் கிரேடே. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவர். பிரசவத்தின்போது தாயிடமிருந்து கொனோரியா தொற்றிக் குழந்தைகள் பார்வை இழப்பது அப்போது சாதாரணம். 1880இல் அவர் பிறந்த குழந்தையின் கண்ணில் கண்ணாடிக் குச்சியால் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். பத்தில் ஒரு குழந்தைக்கு என்ற அளவில் இருந்த தொற்று, நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. 1889இல் பிலடெல்பியாவின் கேரி லீ வெள்ளியைச் சிட்ரேட்டோடு சேர்த்துக் கூழ்மமாக்கினார். இன்றைய கருவியில் பார்த்தால் அதுவும் நானோ துகள்தான். நானோ என்ற பெயர் பிறக்கும் முன்பே பொருள் கடையில் இருந்தது. 1902இல் ஆர்ஜிரால் என்ற வெள்ளி மருந்தை விற்கத் தொடங்கிப் பெரும் பணக்காரரான ஆல்பர்ட் பார்ன்ஸ், அந்தப் பணத்தில் ரெனுவார், செசான், மத்தீஸ் ஓவியங்களாக வாங்கிக் குவித்தார். அந்தத் தொகுப்பு இன்று பிலடெல்பியாவில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பிறகு பென்சிலின் வந்தது, வெள்ளி அலமாரிக்குப் போயிற்று. 1960களில் தீக்காயச் சிகிச்சையில்தான் திரும்பி வந்தது. 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் உருவாக்கிய சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு நம் அரசு மருத்துவமனைத் தீக்காய வார்டுகளில் பணியாற்றியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த வெள்ளைக் களிம்பு.

துகளின் உண்மையான பயன் காயத்தில்தான் தெரிகிறது. உடம்பின் நீரில் உப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது. வெள்ளி அயனியை அள்ளி ஊற்றினாலும் குளோரைடும் புரதமும் அதைச் சீக்கிரம் முடித்துவிடும். ஆகவே மணிக்கொரு தரம் ஊற்ற வேண்டும், அல்லது இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் ஒரு கிடங்கு வேண்டும். கனடாவில் ராபர்ட் பரல் 1990களில் உருவாக்கிய நானோ படிக வெள்ளிக் கட்டு இந்தத் தேவைக்கு விடை. நாள்கணக்கில் மாற்றாமல் விடலாம். தீக்காய நோயாளிக்குக் கட்டு மாற்றும் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வேதனை என்பது வார்டு வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். இந்தக் கட்டை நனைப்பதற்கு ஒரு விதி உண்டு. காயத்துக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் சலைனால் நனைக்கக் கூடாது, கிருமிநீக்கிய வெறும் தண்ணீரால்தான் நனைக்க வேண்டும். சலைனில் உள்ள உப்பு, கசியும் வெள்ளியைக் காயத்தைத் தொடும் முன்பே முறித்துவிடும். மாணவர் குழாய்த் தண்ணீர் ஊற்றியபோது பாலாய்த் திரிந்தது நினைவிருக்கும்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. கிருமியைக் கொல்வதும் காயத்தை ஆற்றுவதும் ஒன்றில்லை. புதுத்தோலை உண்டாக்கும் நம் செல்களிலும் அதே கந்தகக் கொக்கிகள் உண்டு. பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், சில்வர் சல்ஃபாடயசின் போட்ட தீக்காயம் புதுவகைக் கட்டுகள் போட்ட காயத்தைவிட மெதுவாக ஆறுவதையே கண்டிருக்கிறார்கள். தொற்று இருக்கும்போது, அல்லது வரும் அபாயம் பெரிதாக இருக்கும்போது மருத்துவர் சொல்லிப் போடுவது. வீட்டில் குக்கர் பட்டுச் சிவந்ததற்கெல்லாம் அள்ளிப் பூசும் பொருள் இல்லை.

குடிநீரில் வெள்ளிக்கு நியாயமான இடம் உண்டு, அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஐஐடி மெட்ராஸில் தலப்பில் பிரதீப்பும் அவர் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு என் பார்வையில் இந்தத் துறையின் சிறந்த பொறியியல்களில் ஒன்று. நானோ வெள்ளியைத் தண்ணீரில் வைத்தால் நாளடைவில் நீரின் உப்புகள் மேலே படிந்து கசிவை அடைத்துவிடும். முதல் மாதம் வேலை செய்யும் வடிகட்டி ஆறாம் மாதம் பொம்மையாகும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் அலுமினியச் சேர்மத்தையும் கொண்டு ஒரு கூண்டு கட்டி, அதற்குள் வெள்ளித் துகளை அடைத்தார்கள். துகள் கூண்டைவிட்டு வராது. அயனி மட்டும் வரும். அதுவும் நூறு கோடிப் பங்கு நீரில் 40 பங்கு வெள்ளி என்ற அளவை ஒட்டி, சீராக நீண்ட நாள் வரும். நூறு வரை தீங்கில்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலரில் கொடுக்கலாம் என்று கணக்கும் காட்டினார்கள். அதற்கு முன்னரே, 2009இல், உமிச் சாம்பலில் நானோ வெள்ளியைப் பதித்த டாட்டா ஸ்வச் வடிகட்டி மின்சாரம் இல்லாமல் வேலை செய்வதாகச் சந்தைக்கு வந்தது. கசிவின் அளவைக் கட்டுப்படுத்தியது யார், எப்படி என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். அப்படிப் பதில் உள்ள பொருளில் வெள்ளி இருப்பதை நான் ஆதரிக்கிறேன்.

வெள்ளிச் சங்கைப் பற்றிக் கேட்காத பாட்டி இல்லை. அதில் பால் ஊட்டினால் கிருமி அண்டாது என்கிறார்களே, நிஜமா? பால் சங்கில் இருப்பது சில நிமிடம். கெட்டி வெள்ளியின் கசிவு சொற்பம். கசிந்ததையும் பாலில் உள்ள புரதம் பிடித்துக்கொள்ளும். ஆசைக்கும் அழகுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் மூக்குப் பக்கம் படியும் பாலை விரல் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், பிறகு நீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். பாரசீக மன்னர் சைரஸ் படையெடுத்துப் போகும்போது வெள்ளிக் கலங்களில் நீர் கொண்டுபோனதை ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். வெள்ளி விற்பவர்கள் இதை மேற்கோள் காட்டத் தவறுவதில்லை. அது காய்ச்சிய நீர் என்றும் அவர் எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

பாக்டீரியா செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்வதாக வாக்களித்தேன். பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் தீக்காய வார்டில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அசராத சால்மோனெல்லா தோன்றியது. நோயாளிகள் இறந்தார்கள், வார்டையே மூட வேண்டியிருந்தது. 1975இல் அந்தச் செய்தி மருத்துவ இதழில் வந்தது. அந்தக் கிருமியின் மரபணுக்களைப் பிரித்து 1999இல் விளக்கிய குழுவின் தலைவர் பெயர் சைமன் சில்வர். நான் இட்டுக்கட்டியதில்லை, உண்மைப் பெயர். வெள்ளியைப் பிடித்து வைக்க ஒரு புரதம், உள்ளே வந்ததை வெளியே இறைக்கப் பம்புகள், இவ்வளவும் ஒரு பிளாஸ்மிட்டில் பதிந்திருந்தன. பிளாஸ்மிட் என்பது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக் கூடிய சிறு டிஎன்ஏ வளையம். அந்தக் கிருமி ஆம்பிசிலினுக்கும் அடங்கவில்லை.

2018இல் செக் நாட்டின் ஒலோமோட்ஸ் நகரில் உள்ள பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது இன்னும் சுவையான செய்தி. ஈ. கோலியைத் திரும்பத் திரும்ப நானோ வெள்ளியில் வளர்த்தார்கள். மரபணுவில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே அது தப்பிக்கக் கற்றுக்கொண்டது. நீந்த உதவும் கசையிழையின் புரதமான ஃபிளஜெலினை வெளியே விட்டு, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டியாக்கிற்று. கட்டியானால் மேற்பரப்பு போச்சு. மேற்பரப்பு போனால் கசிவு போச்சு. நாம் கிராம் வெள்ளியை உடைத்து 57 சதுர மீட்டராக்கிய வித்தையை அது தலைகீழாகச் செய்துவிட்டது. அதற்கு மாற்று கண்டபோது ஆய்வாளர்கள் பயன்படுத்தியது மாதுளம் தோலின் சாறு. அது ஃபிளஜெலின் உற்பத்தியை அடக்கியது. இலைச் சாறு மாணவர்களே, தாவரத்துக்கு இப்படியும் ஒரு வேலை கொடுக்கலாம்.

கொன்ற பிறகு வெள்ளி என்ன ஆகிறது என்பதற்கு ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வு ஒரு பதில் தந்தது. வெள்ளியால் செத்த பாக்டீரியாக்களைக் கழுவி எடுத்து, உயிருள்ள பாக்டீரியாக்களோடு விட்டார்கள். செத்தவை உயிருள்ளவற்றைக் கொன்றன. பிணத்தில் தங்கிய வெள்ளி அங்கிருந்து கசிந்து அடுத்ததைப் பிடித்தது. வெள்ளி செலவாவதில்லை, இடம் மாறுகிறது. காலுறையிலும் அப்படியே. அரிசோனாவில் 2008இல் வெள்ளிக் காலுறைகளை வாங்கி அலசிப் பார்த்தவர்கள், சில ஜோடிகள் சில அலசலிலேயே ஏறக்குறைய மொத்த வெள்ளியையும் தண்ணீரில் விட்டதைக் கண்டார்கள். சில கொஞ்சமும் விடவில்லை. அட்டையில் இரண்டுக்கும் ஒரே வாசகம். சுத்திகரிப்பு நிலையத்தை எட்டும் வெள்ளி அங்குள்ள கந்தகத்தோடு சேர்ந்து பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. நம் ஊரில் எல்லாக் கழிவுநீரும் சுத்திகரிப்பு நிலையத்தை எட்டுவதில்லை. எட்டாத இடத்தில், கொல்லப் போதாத அளவு வெள்ளியோடு கிருமிகள் பழகுவது நல்லதற்கு இல்லை. கால் நாற்றத்துக்குக் காலுறையைத் துவைத்து வெயிலில் போட்டால் போதும்.

குடிக்கும் ‘கூழ்ம வெள்ளி’ பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். எந்த நோய்க்கும் அது பாதுகாப்பானது, பயனுள்ளது என்று ஏற்க முடியாது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999இலேயே அறிவித்துவிட்டது. மான்டானா மாநிலத்தில் 2002இல் செனட் தேர்தலில் நின்ற வேட்பாளர் ஒருவர், 2000 பிறந்தால் கணினிகள் நின்று மருந்து கிடைக்காது என்று பயந்து தாமே தயாரித்துக் குடித்து, உடம்பு நீலச் சாம்பல் நிறமானார். தேர்தல் மையின் அதே வேதியியல், உள்ளிருந்து. விரலில் இட்ட மை உதிர்ந்துவிடும். இது உதிராது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளித் துகள் ஆய்வுகளை அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறோம். நைட்ரேட் வில்லையின் வளைய அளவும் வெறும் சாற்றின் வளைய அளவும் கட்டாயம் இருக்க வேண்டும். துகளைவிட நைட்ரேட்டே நன்றாகக் கொன்றது என்று முடிவு வந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்; அப்படிப்பட்ட கட்டுரைக்கு முதலில் இடம் தருவோம். மற்ற வாசகர்கள், ‘நானோ வெள்ளி’ என்று போட்ட பொருளை வாங்கும் முன் கடைக்காரரிடமோ நிறுவனத்திடமோ கேளுங்கள்: எவ்வளவு வெள்ளி கசிகிறது, எத்தனை நாள் கசியும், யார் சோதித்தார்கள்? கிடைத்த பதிலை எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்